ஊட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு ஹெரால்டு

தண்டாயுதபாணியிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும், சந்துக்குள் நுழையாது. மற்றது எந்தச் சந்துக்குள்ளும் நுழையும், தூரம் ஓடாது. மனைவி கண்ணம்மாளை அந்த அம்மாளின் பிறந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டுமே தேவைப்பட்டன. அதனால் ஒன்றின் பின்னால் மற்றதைக் கட்டினார். இது 2006ஆம் ஆண்டு தை மாதம் நடந்தது. கண்ணம்மாளைக் கவனித்துக்கொள்ள நான் அந்த வீட்டில் இருந்தேன். இருவரும் இன்று இல்லை. தண்டாயுதபாணியைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு இந்த ஒரு பயணத்தை எழுதினால் போதும் என்று தோன்றுகிறது.

திருப்பூர் ராயபுரத்தில் அவருடைய பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபிட்டர் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பனியன் துணி ஓட்டும் மிஷின்களைப் பூட்டக் கற்றுக்கொண்டவர். எந்தக் கம்பெனியில் துணியில் கோடு விழுந்தாலும் இவரைத் தேடி ஆள் வரும். இவர் போய் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை மிஷின் மேலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். சட்டைக் காலரில் எப்போதும் இரண்டு மிஷின் ஊசிகள் குத்தியிருக்கும். துவைக்கும்போது எத்தனை முறை கையில் ஏறியிருக்கிறது என்று கண்ணம்மாள் என்னிடம் கைவிரல்களைக் காட்டியிருக்கிறார்.

பிறகு வேலம்பாளையத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக நான்கு மிஷின் ஓட்டினார். வயதானதும் அவற்றை விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் மற்றவர்களைப் போல இடம் வாங்கிப் போடாமல், ஏலத்துக்கு வந்த ஒரு பழைய வேனை வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் கண் முகாம் நடத்திய வேன் அது. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம். கை கழுவத் தொட்டி இருந்தது. பின்பக்கம் அகலமான கண்ணாடி. உள்ளே இருக்கும் டாக்டர் டிரைவரை நிறுத்தச் சொல்ல ஒரு மணிக்கயிறும் இருந்தது. இவர் அதில் கட்டில் போட்டார். கேஸ் அடுப்பு வைத்தார், கூரையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றினார், ஒரு மூலையில் திரை கட்டிக் கக்கூஸ் வசதியும் செய்தார். வெளிப்புறம் வரைந்திருந்த பெரிய கண்ணை மட்டும் அழிக்கவில்லை. "அது இருக்கட்டுங்க. கண்ணு படாது" என்று கண்ணம்மாள் சொல்லிவிட்டாராம்.

தெருவில் அதற்கு ஊட்டு வண்டி, அதாவது வீட்டு வண்டி, என்று பெயர். "எல்லாரும் ஊட்டுக்குள்ள வண்டி நிறுத்துவாங்க. ஃபிட்டரு வண்டிக்குள்ள ஊட்ட நிறுத்தீட்டாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அவர் கவலைப்படவில்லை. பிள்ளைகள் இல்லாத தம்பதி. மூன்று வருடத்தில் முருகனின் ஆறு படை வீடுகளையும் அந்த வேனிலேயே போய்ப் பார்த்து வந்தார்கள். வழியில் மரத்தடியில் நிறுத்திச் சமைத்தார்கள், படுத்தார்கள். அந்த மூன்று வருடத்தில் தன் கணவர் பேசிய அளவுக்கு வாழ்நாளில் பேசிக் கேட்டதில்லை என்று கண்ணம்மாள் சொல்வார். "அவ்வளவும் வண்டியப் பத்தித்தான்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

இன்னொரு வண்டி, ஹெரால்டு கார். சிறிய கார். இரண்டே கதவு. பால் வெள்ளை நிறம். எழுபத்தொன்றில் பழையதாக வாங்கியது. வாங்கிய மாதமே கண்ணம்மாளின் தம்பி சென்னியப்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் காரில்தான் ஊர்வலம் போனார்கள். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மீதி இரண்டை அக்காவான கண்ணம்மாள் போட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த காலத்தில் கார் பனியன் துணிப் போர்வைக்குள் நின்றது. வாரம் ஒருமுறை போர்வையை எடுத்து எஞ்சினை ஓட விடுவார். இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை ஓடும். அதற்கு மேல் கொதித்துவிடும். உள்ளே போடும் சாமான்கள் இப்போது கடையில் வருவதில்லை.

2005ஆம் ஆண்டு புரட்டாசியில் கண்ணம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. ஆனால் புரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தேன். நான் தூத்துக்குடிப் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளி பராமரிப்புக்குப் படித்தவள். மகன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்ததால் நானும் வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது தண்டாயுதபாணி மனைவியின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கையை விடுங்க. தோள் கழண்டுரும்" என்றேன்.

அவர் விட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சியாங்க? நானென்ன மளிகைக் கடையாங்க வெச்சிருக்கறேன்?"

கட்டிலில் இருந்து குழறலாக ஒரு சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து நான் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அவரும் மறுக்கவில்லை.

வேலையை அவர் மிஷின் வேலையைக் கற்றது போலவே கற்றுக்கொண்டார். ஆளைத் திருப்பும்போது முதலில் முழங்காலை மடக்க வேண்டும், தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும். முதுகில் எண்ணெய் தடவும்போது தோல் சிவந்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்ப்பார்.

"ஏனுங்க, நானென்ன மிசினுங்களா" என்பார் கண்ணம்மாள்.

"மிசினா இருந்தா இன்னேரம் சத்தமில்லாம ஓடுவ, அம்மிணி" என்பார் இவர்.

இடது கையால் பிடித்துத் தானே கொஞ்சம் எழும்பிக்கொள்ளட்டும் என்று, கட்டிலுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் பொருத்தினார். மறுநாள் பார்த்தால் வெளியே நின்ற ஊட்டு வண்டியின் கட்டிலுக்கு மேலும் அதேபோல் ஒன்று. இன்னும் நான்கு மாதத்துக்குக் கண்ணம்மாளைத் தெருவிலேயே இறக்க முடியாது, எதற்கு இது என்று கேட்டேன். "இருக்கட்டுங்க" என்றார்.

மார்கழியில் சென்னியப்பன் வந்தார். மூலனூருக்குப் பக்கத்து ஊர். முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கிறார். கூட அவர் மனைவி சாமியாத்தாள். தாம்பூலத் தட்டில் பத்திரிகை இருந்தது. சென்னியப்பனுக்கு அறுபது முடிகிறது. தையில் அறுபதாம் கல்யாணம்.

"அக்கா, உனக்குச் சொல்லோணுமேன்னு வந்தனுங்க. நீ அலைய வேண்டாம். முடிஞ்ச அன்னைக்குப் பொழுதோட நாங்க ரண்டு பேருமே மாலையோட வந்து காலுல உழுந்துக்கறோம்" என்றார் தம்பி.

சாமியாத்தாள் தட்டைக் கீழே வைத்தார். "இவரு அப்பிடித்தானுங்க சொல்லுவாரு. அக்கா வந்து முடிச்சுப் போடாம நான் கழுத்தக் காட்ட மாட்டனுங்க. மொதத் தடவ அவங்கதான போட்டாங்க? இப்ப வேற ஆளத் தேடறதுக்கு நானென்ன ரண்டாந்தாரமா?"

கண்ணம்மாள் இடது கையால் குழாயைப் பிடித்துத் தலையை உயர்த்தினார். "வர்றேன்" என்றார்.

பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. வாடகைக் காரில் அவ்வளவு தூரம் கண்ணம்மாளால் உட்கார முடியாது. அரை மணி உட்கார்ந்தால் முதுகு சரியும், கால் வீங்கும். ஆம்புலன்ஸ் என்று சொன்னதும் கண்ணம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊட்டு வண்டியில் படுத்துப் போகலாம். ஆனால் சென்னியப்பன் வீட்டுச் சந்தில் அது நுழையாது. இரண்டு பக்கமும் வீடு, தலைக்கு மேல் கரண்ட் கம்பி.

"அதனால என்னங்க. மெயின் ரோட்டுல வண்டிய நிறுத்திப் போட்டு, ஒரு சேர்ல வெச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தர்றோம்" என்றார் சென்னியப்பன்.

கண்ணம்மாள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார். "நாலு பேரு தூக்கறது ஒருக்காத்தான். அன்னைக்குத் தூக்கிக்க, சாமி. கண்ணாலத்துக்கு நான் உக்காந்துதான் வருவேன்."

கதவருகே நின்ற தண்டாயுதபாணி காலரில் இருந்த ஊசியை எடுத்துத் திரும்பக் குத்தினார். "கார்ல போலாம்" என்றார்.

திட்டம் இதுதான். ஊட்டு வண்டி முன்னால் போகும். அதில் கண்ணம்மாள் படுத்திருப்பார், கூட நான். பின்னால் ஹெரால்டைக் கட்டி இழுத்துப் போவது. மூலனூர் போனதும் அவிழ்த்து, கண்ணம்மாளை முன் சீட்டில் உட்கார வைத்து, கடைசித் துண்டைக் கார் தன் காலில் ஓடும். இழுக்கப்படும் காரிலும் ஓர் ஆள் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். ஹெரால்டின் ஸ்டீயரிங்கை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஊட்டு வண்டியை ஓட்டச் சோணைமுத்து வந்தார். ராமநாதபுரத்துக்காரர். எக்ஸ்போர்ட் சரக்கு லாரி ஓட்டியவர். வாய் கொஞ்சம் அதிகம்.

கட்டுவதற்குத் தண்டாயுதபாணி எதை எடுத்தார் என்பதுதான் முக்கியம். திருப்பூரில் எதைக் கட்டுவதானாலும் கை முதலில் பனியன் வேஸ்ட் துணிக்குத்தான் போகும். மூட்டை கட்டுவது, ஆடு கட்டுவது, சைக்கிளில் பிள்ளையைக் கட்டுவது, எல்லாம் அதிலேதான். இவர் நல்ல கனமான துணியாகப் பார்த்து நீளமாகக் கிழித்து, மூன்று புரியாக முறுக்கி, கை மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு கயிறு பின்னினார். இரண்டு ஆள் நின்று இழுத்தும் அறவில்லை. ராயபுரம் தெருவில் மெதுவாக ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார்கள். கார் பசுங்கன்று போலப் பின்னால் வந்தது.

காரின் பின்னால் மாட்ட ஒரு அட்டையில் 'இழுத்துச் செல்லப்படும் வண்டி' என்று சிவப்பில் எழுதினார். அதை வாசித்துக் காட்டினேன். கண்ணம்மாள், "இன்னொண்ணு எழுதி என்ற கழுத்துல மாட்டச் சொல்லுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்பினோம். கண்ணம்மாளைத் தலை முன்பக்கமும் கால் பின்பக்கமுமாகப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தேன். அப்படிப் படுத்தால் பின்கண்ணாடி வழியாக வெளியே தெரியும். வெளியே தெரிந்தது ரோடு அல்ல, ஹெரால்டு. அதற்குள் தண்டாயுதபாணி. தலையில் மஃப்ளர், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கண் எங்கள் மேல். ஏதாவது வேண்டுமென்றால் அவர் ஹெட்லைட்டைப் போட்டு அணைப்பார், நான் மணிக்கயிற்றை இழுப்பேன், சோணைமுத்து நிறுத்துவார். அதுதான் ஏற்பாடு.

கண்ணம்மாள் வைத்த கண் எடுக்கவில்லை. திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் வந்தபோது, "இந்தப் பக்கமே இருக்கட்டுங்க" என்றார்.

"புண் வந்தா அண்ணாச்சி உங்களைக் கேக்க மாட்டாரு, என்னைத்தான் கேப்பாரு" என்று திருப்பினேன். கண்ணாடி தெரியும்படிதான் திருப்பினேன்.

கொடுவாய் தாண்டி ஒரு ஏற்றம் வந்தது. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. சோணைமுத்து கியரைக் குறைத்து அழுத்தினார். வேன் ஏறியது. பின்னால் பார்த்தால் ஹெரால்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது, கயிறு மட்டும் நீண்டுகொண்டே வருகிறது. மணிக்கட்டுப் பருமன் இருந்த கயிறு விரல் பருமன் ஆயிற்று. நான் மணியடிப்பதா வேண்டாமா என்று நினைப்பதற்குள் வேன் மேட்டில் ஏறி வேகம் குறைந்தது. அவ்வளவு நேரம் நீண்ட கயிறு சுருங்கியது. ஹெரால்டு பாய்ந்து வந்தது. அவர் பிரேக்கில் ஏறி நிற்பது தெரிந்தது. ஆனாலும் வேனின் பின்னால் வந்து இடித்தது.

கண்ணம்மாள் கட்டிலில் சரிந்தார். இடது கை குழாயைப் பிடித்திருந்ததால் கீழே விழவில்லை. நாடி பார்த்தேன், தலையைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குள் தண்டாயுதபாணி பின்கதவைத் திறந்து ஏறியிருந்தார்.

"அம்மிணி."

"எனக்கொண்ணுமில்லீங்க. காரப் பாருங்க."

காருக்கு ஒரு ஹெட்லைட் போயிருந்தது. முன்பக்கத் தகடு உள்ளே போய் ரேடியேட்டரில் அழுத்தியிருந்தது. சோணைமுத்து கீழே கிடந்த கயிற்றை எடுத்து இரண்டு கையால் இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கியது.

"ஏண்ணே, எனக்கு ஒண்ணு வெளங்கல. நாப்பது வருசமா பனியன் துணி ஓட்டுறவுக நீங்க. இழுத்தா நீளும்னு தெரியாதாண்ணே?"

"தெரியும்" என்றார் தண்டாயுதபாணி.

"தெரிஞ்சுமா?"

"சட்டை போடறப்பத்தான் அது நெனப்பு வரும். கட்டறப்ப வர்லியே."

சோணைமுத்து சிரித்தார். தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. ரோட்டோர வேப்பமரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "திரும்பிப் போயரலாமுங்க" என்றார் என்னிடம்.

"ஏன் அண்ணாச்சி?"

"அந்தக் கொழாயப் புடிக்காம இருந்திருந்தா என்னாயிருக்கும்? என்ற கயித்துல கட்டி நானே அவளக் கீழ தள்ளியிருப்பனுங்க." காலரில் ஊசியைக் குத்தப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முடிச்ச வேற யாராச்சும் போடட்டும். அவ தம்பிக்குச் சொல்லிக்கலாம்."

பயந்த ஆள் வண்டி ஓட்டக் கூடாது. திரும்புவதானால் திரும்பலாம் என்றுதான் எனக்கும் பட்டது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கண்ணம்மாள் இடது கை மோதிரத்தால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டிப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தி, குழாயைச் சுட்டிக் காட்டினார். பிறகு பின்கண்ணாடியைக் காட்டினார்.

"இது... நீளாதுங்க" என்றார்.

எனக்கு முன்னால் தண்டாயுதபாணிக்குப் புரிந்துவிட்டது. இரு முனையையும் தட்டித் துளை போட்டு ஆணி மாட்டினால், கயிற்றுக்குப் பதில் அந்தக் குழாய் போதும். நீளவும் நீளாது, இடிக்கவும் விடாது.

"அதக் கழட்ட மாட்டேன். அது உன்ற கை" என்றார்.

நானும் மறுத்தேன். குழாய் இல்லாமல் கட்டிலில் இவர் எதைப் பிடிப்பார்? இப்போதுதான் பார்த்தோமே.

கண்ணம்மாள் என் கையைப் பிடித்தார். நல்ல பிடி. நான்கு மாதம் நான் பழக்கிய கை. "இது இருக்குதல்லங்க" என்றார்.

"கழட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

குண்டடத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருப்பது சோணைமுத்துவுக்குத் தெரியும். காரை ரோட்டோரம் விட்டுவிட்டு வேன் மட்டும் போய் வருவது என்று முடிவாயிற்று. காருக்குக் காவலாகத் தண்டாயுதபாணி இருப்பார். எவ்வளவு இடைவெளியில் துளை போட வேண்டும் என்று அளவு கொடுக்க, தண்டாயுதபாணி அந்தக் கயிற்றிலிருந்தே ஒரு துணியைக் கிழித்து நீட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

சோணைமுத்து அதை வாங்கி அவர் முகத்தையே பார்த்தார். "அண்ணே. இதுவும் நீளும்ணே."

தண்டாயுதபாணி தன் கையையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து அளந்து கொடுத்தார்.

வேன் நகர்ந்தபோது கண்ணாடியில் அவர் காரின் மேல் சாய்ந்து நின்றார். சின்ன ஆளாகி, புள்ளியாகி, மறைந்தார். கண்ணம்மாள் என் கையை விடவில்லை. பட்டறையில் நான் இட்லி பிசைந்து கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. "அவுரு சாப்புடல" என்றார். அவருக்கு நான் பொட்டலம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். "குடுத்தீங்க. சாப்புட்டிருக்க மாட்டாரு." திரும்பிப் போய்ப் பார்த்தபோது பொட்டலம் காரின் கூரை மேல் பிரிக்காமல் இருந்தது.

குழாயை மாட்டியதும் எல்லாம் மாறிவிட்டது. காற்றாலைகள் சுற்றும் காடுகள் வழியாக, தாராபுரம் தாண்டி, இரண்டு வண்டியும் ஒரே வண்டியாகப் போயின. முன்னது திரும்பினால் பின்னது திரும்பியது. கண்ணம்மாளுக்கும் அவருக்கும் நடுவில் இப்போது எப்போதும் அதே தூரம். ஒருமுறை கண்ணம்மாள் என் பிடியிலிருந்து கையை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்து ஆட்டினார். அவர் உடனே ஹெட்லைட்டைப் போட்டார். எரிந்தது ஒன்றுதான். நான் பதறி மணியடித்தேன். சோணைமுத்து நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்று தெரிந்ததும், "அறுபதாங் கல்யாணம் யாருக்குன்னு மொதல்ல சொல்லிருங்க" என்று போனார்.

இரவு மூலனூர் மெயின் ரோட்டிலேயே வேனில் தங்கினோம். காலையில் படுக்கையிலேயே குளிப்பாட்டி, அரக்குப் பட்டு கட்டினேன். கொசுவத்தை முதல்நாளே தைத்து வைத்திருந்தேன். வீட்டில் படுக்கையாக இருப்பவருக்குப் புடவை கட்ட நினைப்பவர்கள் அப்படிச் செய்துகொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். பிறகு தண்டாயுதபாணியும் நானுமாக ஹெரால்டின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். இரண்டு கதவுக் கார் என்பதால் கதவு அகலம், அது நல்லது. சீட் தாழ்வு, அது கெட்டது. கீழே துணி மடித்து வைத்தேன். வலது கையை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடினேன். கண்ணம்மாள் கண்ணாடியில் பொட்டைப் பார்த்துக்கொண்டார்.

"அரை மணி. அதுக்கு மேல உக்காரக் கூடாது" என்றேன்.

தண்டாயுதபாணி சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, ஓடியது. சந்து முனைவரை போயிற்று. அங்கே முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது, எஞ்சின் நின்றது. முந்தின நாள் இடித்ததில் ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. திருகினார். மறுபடி திருகினார். சந்துக்குள்ளிருந்து நாதஸ்வரச் சத்தம் கேட்டது. அவர் நெற்றியைத் துடைத்தார். இன்னும் சாவியை விடவில்லை.

கண்ணம்மாள் இடது கையை நீட்டி அவர் கையைச் சாவியிலிருந்து எடுத்தார். "உடுங்க. தள்ளச் சொல்லுங்க."

நான் நடந்துபோய்ச் சொன்னேன். சென்னியப்பன் மாலையும் பட்டு வேட்டியுமாக ஓடிவந்தார். பின்னாலேயே பாதிக் கல்யாணக் கூட்டமும் வந்தது. "மாப்பிள்ள, நீங்க போய் மணையில உக்காருங்க, நாங்க தள்றோம்" என்று யாரோ சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. காரின் பின்னால் அந்தச் சிவப்பெழுத்து அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கையை வைத்துத் தள்ளினார்.

கார் சத்தமில்லாமல் சந்துக்குள் போனது. இரண்டு பக்கமும் முருங்கைக்காய்க் கட்டு அடுக்கியிருந்தது. வாசலில் நின்ற பெண்கள் குனிந்து பார்த்து, "வாங்க, வாங்க" என்றார்கள். முன் சீட்டில் நேராக உட்கார்ந்து, கண்ணம்மாள் இரு பக்கமும் தலையசைத்துக்கொண்டு போனார். ஸ்டீயரிங் பிடித்திருந்த தண்டாயுதபாணி ரோட்டைத்தான் பார்த்தார்.

"ஏன்க்கா, நாலு பேரு வேண்டாம்னே. இப்பப் பாரு, நாப்பது பேரு" என்றார் பின்னாலிருந்து சென்னியப்பன், மூச்சு வாங்க.

"நீ காரத்தான் தள்ற. என்னத் தூக்கல" என்றார் கண்ணம்மாள்.

வாசலில் இறக்கியதும், இடது கையால் என் தோளைப் பிடித்து, வலப் பக்கம் தண்டாயுதபாணி தாங்க, கண்ணம்மாள் ஆறேழு அடி நடந்தார். மணைக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். சென்னியப்பன் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டார். மீதியைப் போட இரண்டு கை வேண்டும். கண்ணம்மாளிடம் ஒரு கைதான் இருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உதவப் போகலாமா என்று யோசித்தேன், எனக்கு அங்கே உரிமை இல்லை. அப்போது சாமியாத்தாள் தலையைத் திருப்பாமலே தன் வலது கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் மஞ்சள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கண்ணம்மாள் மறுமுனையைச் சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தார்.

"மெதுவாப் போடுங்க்கா. போன தடவ பொடனி முடியெல்லாம் சேத்துக் கட்டிப்போட்டீங்க."

"அதான்... இன்னும் அவுரல."

மூன்றாவது முடிச்சும் விழுந்தது. அரை மணி தாண்டியிருந்தது. உடனே கூட்டிக்கொண்டு போய் உள்ளறையில் படுக்க வைத்தேன்.

மறுநாள் திரும்பினோம். ஒரு சாக்கு முருங்கைக்காய் வேனில் ஏறியது. ஹெரால்டை மறுபடி குழாயால் மாட்டினார்கள். கண்ணம்மாளை வேனில் ஏற்றப் போனபோது அவர் காரைக் காட்டினார்.

"முடியாது" என்றேன்.

"அரை மணி."

"எஞ்சினே ஓடாத காரு. அதில என்ன இருக்கு?"

"அவுரு இருக்கறாரு."

தண்டாயுதபாணி எங்கேயோ பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் துணி மடித்து வைத்தது நான் அல்ல. அவர் ஏற்கெனவே வைத்திருந்தார்.

ரோடு சமமாக இருந்தது. மெதுவாகத்தான் போவோம் என்று சோணைமுத்து சத்தியம் செய்தார். உட்கார வைத்து, இடுப்புக்குக் குறுக்கே ஒரு துணியைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். பனியன் துணிதான். இதற்கு அது நல்லது, இழுத்தால் கொடுக்கும், உடம்பை வெட்டாது.

வேனில் நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. வண்டியைப் பற்றித்தான் பேசியிருப்பார். கண்ணம்மாள் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலை மெல்லச் சாய்ந்து அவர் தோளில் போய் நின்றது. அவர் பேச்சை நிறுத்தினார். தோளை அசைக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டுமே, ஒவ்வொரு வளைவிலும் முழங்கையை மட்டும் ஆட்டி எப்படியோ திருப்பினார்.

அரை மணி ஆனது. நான் மணிக்கயிற்றில் கை வைத்தேன். முதுகு சரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். சரியவில்லை. முகத்தின் நிறத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. தாராபுரம் பாலம் வந்ததும் இழுக்கலாம் என்று கயிற்றை விட்டேன். பாலம் வந்தது. கால் வீங்கும், மாலையில் தலையணை வைத்து உயர்த்திவிட்டால் வடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

குண்டடத்தில்தான் மணியடித்தேன்.